வாசனை ஸ்ட்ராபெர்ரி... ருசி புளிச்சகீரை! - அம்மா குடித்த பழ டீ

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு டீ. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "டீயை நிறுத்த வேண்டாம்மா, சர்க்கரையைக் குறைங்க" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா சொன்னது ஒரே வரிதான். "சர்க்கரை இல்லாத டீயை யாரு குடிப்பா?"

அந்தக் கவலையோடுதான் சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பெட்டியை எடுத்தேன். மேலே சிவப்புச் சிவப்பாக ஸ்ட்ராபெர்ரி, நடுவே வெட்டிய ஆப்பிள், ஓரத்தில் ரெண்டு புதினா இலை. 'பழச்சுவை மூலிகை டீ, சர்க்கரை சேர்க்கப்படாதது.' 20 பைகள், 350 ரூபாய். பழமே இனிப்புதானே, அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன்.

வெந்நீரில் பையைப் போட்டதும் கூடம் முழுக்க மிட்டாய்க் கடை வாசம். ஒரே நிமிடத்தில் தண்ணீர் மாதுளைச் சாறு போலச் சிவந்தது. அம்மாவே ஆர்வமாக டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"என்னடி இது, ரசத்துக்குப் புளி கரைச்சு வெச்ச மாதிரி இருக்கு!"

நானும் குடித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. மூக்குக்கு ஸ்ட்ராபெர்ரி, நாக்குக்கு வெறும் புளிப்பு.

பெட்டியின் பின்பக்கம்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். உணவுப் பொட்டலங்களில் எது எடையில் அதிகமோ, அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதில் முதலில் இருந்தது செம்பருத்தி. அடுத்து உலர்ந்த ஆப்பிள் துண்டு, ஆரஞ்சுத் தோல். ஸ்ட்ராபெர்ரி கடைசி வரியில், அதுவும் பழமாக இல்லை, 'சுவையூட்டி'யாக.

இந்தச் செம்பருத்தி நம் வீட்டு வாசலில் பூப்பது இல்லை. 'ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா' என்ற, புளிச்சகீரை வகைச் செடி. இதன் இலைதான் ஆந்திராவின் கோங்குரா. பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு இதழ்களைக் காயவைத்து டீயில் போடுகிறார்கள். நிறமும் புளிப்பும் அதிலிருந்து வருபவை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்... "புளிச்சகீரைக்கா 350 ரூபா குடுத்தே?"

இனிப்பு எங்கே போனது?

நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து சுவைகள்தான். ஸ்ட்ராபெர்ரியா, மாம்பழமா என்று கண்டுபிடிப்பது மூக்கு. வாசனையைச் சொட்டுக் கணக்கில் சேர்த்துவிடலாம். இனிப்புக்குச் சர்க்கரை வேண்டும். ஒரு சின்னப் பையில் உள்ள சில உலர்பழத் துணுக்குகளால் ஒரு டம்ளர் தண்ணீரை இனிக்க வைக்க முடியாது.

இந்தப் பானத்தைத் தலைமுறையாகக் குடிப்பவர்களுக்கு இது தெரியும். எகிப்தில் 'கார்க்கடே', மெக்சிகோவில் 'ஆக்வா டி ஹமைக்கா' என்ற பெயரில் இதைத்தான் பருகுகிறார்கள், நன்றாகச் சர்க்கரை சேர்த்து!

வாங்கும் முன் கவனியுங்கள்

* முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கத்தின் முதல் மூன்று பொருள்களைப் படியுங்கள். செம்பருத்தி முதலில் இருந்தால் புளிக்கும்.

* சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் சர்க்கரை நோயாளிக்கு லாபம் இல்லை. அதுவும் சர்க்கரைதான்.

* சர்க்கரை இல்லாமலே இனிக்கிறதா? அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அதிகம் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறலாம்.

* செம்பருத்தி டீ ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக 2010-ல் அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பி.பி மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் குடிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவின் வழி

மிச்சப் பைகளை என் பெண் காலி செய்துகொண்டிருக்கிறாள். ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, ரெண்டு புதினா இலை கிள்ளிப் போட்டால் வெயிலுக்கு நன்றாகவே இருக்கிறது. டீ என்று நினைக்காமல் குடித்தால் குறையில்லை.

அம்மா தன் பால் டீக்கே திரும்பிவிட்டார். ஆனால், முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒரு ஸ்பூன், இப்போது அரை ஸ்பூன். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போடுகிறார். நாலு டீ ரெண்டாகியிருக்கிறது. எட்டு ஸ்பூன் சர்க்கரை இருந்த இடத்தில் இன்று ஒரே ஒரு ஸ்பூன்.

"நாக்கு பழகிடுச்சுடி" என்கிறார். 350 ரூபாய்ப் பெட்டி செய்யாததை, அரை அரை ஸ்பூனாகக் குறைத்த பொறுமை செய்திருக்கிறது.