நாற்காலியிலிருந்து ஒரு வான்பயணம்

விமானம் ஓட்டும் கணனி விளையாட்டுகள் எம் பிள்ளைகள் பலரைக் கவர்ந்துள்ளன. இவை சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள் அல்ல. இங்கே பகைவரும் இல்லை, புள்ளிகளும் இல்லை. ஒஸ்லோவிலிருந்து துறும்சோவுக்கு மெய்யான விமானம் எடுக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தையும் திரையின் முன்னமர்ந்தே கழிக்கின்ற பிள்ளை எதைக் கண்டு மயங்குகின்றது என்று பெற்றோர் வினவுவதுண்டு.

இக்கலை கணனியோடு பிறந்ததன்று. அமெரிக்கரான எட்வின் லிங்க், தந்தையாரின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் பயின்ற துருத்தி நுட்பத்தைக் கொண்டு, தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் பயிற்சிப் பொறியொன்றை 1929ஆம் ஆண்டளவில் ஆக்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெருந்தொகையான விமானிகள் அதில் பழகினர். புரூஸ் ஆர்ட்விக் என்பவரின் ஆக்கத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1982இல் வெளியிட்டபோது, திரையில் நிலமும் மலையும் சில கோடுகளே. 2020இல் வந்த பதிப்பிலோ செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அமைத்து, அவ்வேளையின் வானிலையையும் இணைத்துள்ளனர்.

இவ்விளையாட்டு ஏமாற்றாமற் கற்பிப்பவை பல. உயரமானி காற்றமுக்கத்தை அளந்தே உயரத்தைக் காட்டுகின்றது. இறங்கும் இடத்தின் அமுக்கத்துக்கு அதனைச் சரிசெய்யாவிடின், ஒவ்வொரு ஹெக்ரோபஸ்கால் பிழைக்கும் ஏறத்தாழ 8 மீற்றர் பொய்யுரைக்கும். கரும்பலகையில் பாதரசக் குழாய் வரைந்து நாம் அரும்பாடுபட்டு விளக்கியதைப் பிள்ளை ஒரு மாலையில் தானே கண்டுகொள்கின்றது. ஆசிரியர்க்கு இதிற் சிறிது பொறாமையும் உண்டு!

ஆயினும் உடலுக்கு இங்கே பாடமில்லை. எம் உட்செவியில் பாய்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன; நாம் திரும்புவதை அவையே உணர்த்துகின்றன. முகிலுக்குள் விமானம் நெடுநேரம் சீராகத் திரும்பினால், அப்பாய்மமும் கால்வாயோடு சேர்ந்தே ஓடத் தொடங்கிவிடும். உடனே உடல், தான் நேரே செல்வதாக நம்பும். விமானத்தை உண்மையில் நேராக்கியதும், மறுபுறம் திரும்புவதாக உணரும். இம்மயக்கத்தால் மாண்ட விமானிகள் பலர். உடல் கூறுவதை மறுத்துக் கருவியை நம்புவது அரிய பயிற்சி. நாற்காலியில் அசையாதிருக்கும் பிள்ளையையோ உடல் ஏமாற்றுவதேயில்லை. ஆறு கால்களில் அசையும் பெரும் பயிற்சிப் பொறிகளாலும் நீண்ட திருப்பத்தின் விசையை முழுமையாகத் தர இயலாது.

தெளிந்த பகலில் வெளியே நோக்கவேண்டிய கண்கள், திரைப் பழக்கத்தால் கருவிகளிலேயே நிலைத்துவிடுவதும் உண்டு. மேலும் அம்மா சாப்பிட அழைத்தால் விமானத்தை நடுவானில் நிறுத்திவிட்டுச் செல்லலாம். விழுந்தால் மீண்டும் தொடங்கலாம். புதிய பதிப்புக்கு விலையுயர்ந்த கணனி வேண்டுமென்ற நச்சரிப்பைப் பெற்றோர் நன்கறிவர்.

இவையெல்லாவற்றிலும் எம்மைச் சிந்திக்கவைப்பது வேறொன்று. 2019 ஒக்ரோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியையும் இப்பிள்ளைகள் தேடிச் செல்கின்றனர். கடலோரத்து ஓடுபாதையின் மேற் பறந்து, "உங்கள் வீடு எது?" என்று கேட்கின்றனர். திரையில் நிற்கும் வீடுகளும் மரங்களும் பெரும்பாலும் வான்படத்தைக் கொண்டு கணனி ஊகித்து வைத்தவை. கூரை உண்டு, எங்கள் கூரை அன்று. கிணறு எப்பக்கம் இருந்தது, படலை எவ்வொழுங்கையை நோக்கியது என்பதை அருகே இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு நாமே சொல்லவேண்டியிருக்கின்றது.