மூன்றாவதாக வருகிறவர்

காலை நிகழ்ச்சியில் நேயர்கள் பேசும் நேரம். முதல் நாள் இரவு பெய்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாக ஓர் அம்மா அழைத்திருந்தார்.

"லோங்காங் அடைச்சு ஆறு மாசமாச்சு தம்பி. ஒய்.பி. ஆபீசுல சொல்லியாச்சு. ஒன்னும் நடக்கல."

"உங்க வட்டாரத்து நகராண்மைக் கழக உறுப்பினர்கிட்ட சொல்லிப் பார்த்தீங்களாம்மா?"

"அது யாரு? அவருக்கு நாம எப்ப ஓட்டு போட்டோம்?"

சிரித்துச் சமாளித்து, அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உண்மையில் நாம் ஓட்டுப் போடவே இல்லை. நான் மட்டுமல்ல, என் அம்மா அப்பாவும் நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்டதில்லை. தேர்தல் இரவுகளில் மூன்றாவதாக வரும் சிறிய கட்சி வேட்பாளர் ஏன் எப்போதும் மூன்றாவதாகவே வருகிறார் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஆயர் கூனிங்கில் 1,106 வாக்குகள்

2025 ஏப்ரல் 26-ஆம் தேதி பேராக், ஆயர் கூனிங் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மும்முனைப் போட்டி. தேசிய முன்னணி 11,065 வாக்குகள் பெற்று வென்றது. பெரிக்காத்தான் நேஷனலுக்கு 6,059. மலேசிய சோசலிசக் கட்சி, அதாவது பி.எஸ்.எம். சார்பில் நின்ற கே.எஸ். பவானிக்கு 1,106.

பவானியைப் பலருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் இலவசக் கல்வி பற்றிக் கேள்வி கேட்டபோது மேடையிலிருந்து இடைமறிக்கப்பட்ட மாணவி. 2013-இன் தொடக்கத்தில் அந்தக் காணொளி நாடு முழுவதும் பரவியது.

சட்டமன்றத் தொகுதியில் நிற்க 5,000 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். அதுபோகப் பதாகைகளை அகற்றுவதற்கான உத்தரவாதமாக இன்னொரு 3,000 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் முதல் தொகை திரும்பி வராது. ஆயர் கூனிங்கில் அதற்கு ஏறக்குறைய 2,280 வாக்குகள் தேவைப்பட்டன. பவானி வைப்புத்தொகையை இழந்தார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவுகள் வரும் இரவுகளில் வென்றவர், அடுத்து வந்தவர், பெரும்பான்மை, இந்த மூன்றையும் நிறுத்தி நிதானமாக வாசிப்பேன். மூன்றாமவரை "மற்றொரு வேட்பாளர் வைப்புத்தொகையை இழந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பல நேரங்களில் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

ஆளா, சின்னமா?

"சின்னக் கட்சிக்குப் போடுற ஓட்டு வீண்" என்பார் என் அப்பா. பெரும்பாலான வீடுகளில் இதே பேச்சுத்தான். இதற்கு டாக்டர் ஜெயக்குமார் தேவராஜின் கதையைவிட நல்ல சாட்சி இல்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். 1999-இல் ஜ.செ.க. சின்னத்தில் நின்று தோற்றார். 2004-இல் பி.கே.ஆர். சின்னத்தில் நின்று தோற்றார். 2008-இல் அதே சின்னத்தில், அப்போதைய ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2013-இல் மீண்டும் வென்றார். 1998-இல் பதிவுக்கு விண்ணப்பித்த அவருடைய கட்சிக்கு 2008-இல்தான் பதிவு கிடைத்திருந்தது. 2018-இல் அந்த பி.எஸ்.எம். கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றார். வைப்புத்தொகையே போய்விட்டது.

பத்து ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதே ஆள், அதே ஊர். மாறியது சின்னம் மட்டும். ஆட்சி யாருக்கு என்ற கேள்வி பெரிதாகும்போது, தெருவில் நமக்காக நடந்தவர் யார் என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. வாக்காளரைக் குறை சொல்லவும் முடியாது. கையில் இருப்பது நாடாளுமன்றத்துக்கு ஒரு ஓட்டு, சட்டமன்றத்துக்கு ஒரு ஓட்டு. இரண்டுமே ஆட்சியைத் தீர்மானிப்பவை. வெறும் தெருவுக்காக ஒரு ஓட்டு நமக்கு இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது

பினாங்கில் ஜாலான் டி.எஸ். இராமநாதன் வழியாக நம்மில் பலர் போயிருப்போம். அந்த இராமநாதன் ஜார்ஜ் டவுனின் முதல் மேயர். 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அந்தப் பொறுப்புக்கு வந்தார். கூட்டரசில் கூட்டணிக் கட்சி கொடிகட்டிப் பறந்த காலத்தில், அவரோ தொழிற்கட்சிக்காரர்.

ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள். இருவரும் வழக்கறிஞர்கள். அவர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி பேராக்கைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. ஆனால் ஈப்போ நகராண்மைக் கழகம் அவர்கள் கையில் இருந்தது. அண்ணன் எஸ்.பி. சீனிவாசகம் அதன் தலைவர். 1959 பொதுத்தேர்தலில் அந்தக் கட்சி 4 நாடாளுமன்றத் தொகுதிகளையும் பேராக்கில் 8 சட்டமன்றத் தொகுதிகளையும் வென்றது. தம்பி டி.ஆர். பெயரில் ஈப்போவில் இன்றும் ஒரு பூங்கா இருக்கிறது.

சிறிய கட்சிக்கு அன்று ஏறிவர ஒரு முதல் படி இருந்தது. குப்பையை ஒழுங்காக எடு, விளக்கைப் போடு, பிறகு மாநிலத்துக்கு வா என்று மக்கள் சோதித்துப் பார்க்க முடிந்தது.

1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை முழுதாகச் சாத்தியது. 2012-இல் பினாங்கு மாநிலம் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. அதற்கு அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்று ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர் வரை. ஆளும் கட்சிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதே வழக்கம். தேர்தல் வந்தால் செலவு கூடும், நகரங்களில் இன அரசியல் தலைதூக்கும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர் யாரைத் தூக்கி எறிவது என்பதற்கும் பதில் வேண்டுமே.

அடுத்த முறை

முதல் படி இல்லாததால், லோங்காங் பற்றிப் பேச வேண்டியவரும் 5,000 வெள்ளி கட்டிச் சட்டமன்றத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே மலைபோன்ற இரண்டு கூட்டணிகளுக்கு நடுவே நின்று 1,106 பேரைச் சம்மதிக்க வைப்பது எனக்கு இப்போது சின்ன எண்ணாகத் தெரியவில்லை. அவருக்குத்தான் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தால் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். பெரிய கட்சிக்காரரிடம் கேட்க உங்களுக்கே இரண்டு கேள்விகள் கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் நகராண்மைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் வட்டார உறுப்பினரின் பெயர் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். நாம் தேர்ந்தெடுக்காதவர்தான். ஆனாலும் நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

அன்று அழைத்த அம்மாவுக்கு நாங்களே தேடி எடுத்துக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் லோங்காங் சுத்தமானதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, போனை வைக்கும் முன் மறுபடியும் கேட்டார்:

"அது சரி தம்பி, அடுத்த தடவையாவது அவருக்கு நாம ஓட்டுப் போடலாமா?"

இந்த முறை நான் பாட்டைப் போடவில்லை. "இப்போதைக்கு முடியாதும்மா" என்று சொல்லி, ஏன் என்பதையும் சொன்னேன்.