உண்ணியும் அச்சமும்: லைம் நோய்க்குப் பின்னான வாழ்வு பற்றிய சில குறிப்புகள்

உண்ணி எனும் சொல் உண்பது என்ற பொருளைத் தன்னுள்ளே கொண்டது. நம் கிராமத்தவர்க்கு அது மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் பருத்துத் தொங்கும் பழகிய உயிர். அருவருப்பைத் தருமேயன்றி அச்சத்தைத் தருவதன்று. ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ் மாநிலங்களில் நிலை வேறு. அங்கு லைம் நோயால் ஒருமுறை பீடிக்கப்பட்டவர் கோடைகாலத்தில் நாள்தோறும் தம் உடலைத் தாமே சோதனையிடுகின்றார். முழங்காலின் பின்புறம், அக்குள், கொப்பூழ், மயிர்க்கால் ஓரம் என ஒவ்வோரிடமாகத் தடவிப் பார்க்கின்றார். பிள்ளைகளைப் புல்லில் விளையாட விடுவதா என ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவுசெய்கின்றார். மருத்துவ நூல்கள் இந்நோயை மூன்று கட்டங்களாக வகுத்துரைக்கும். அக்கட்டங்களெல்லாம் கடந்தபின் எஞ்சும் இவ்வச்சத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே நாம் இங்கு நோக்க விழையும் பொருள்.

இந்நோயின் வரலாறே ஓர் அச்சத்தை அலட்சியஞ் செய்த வரலாறு எனலாம். கனெற்றிக்கட் மாநிலத்தின் லைம் ஊரில் வாழ்ந்த பொலி மறே என்னும் தாய், 1960கள் தொடக்கம் தமக்கும் தம் குடும்பத்தினர்க்கும் மூட்டு வீக்கமும் தோற்றடிப்பும் மாறிமாறி வருவதைக் கவனித்துக் குறித்துவந்தார். வைத்தியர் பலர் அதனை மனத்தின் கோளாறு என ஒதுக்கினர். 1975இல் அவரும் அயலில் வாழ்ந்த மற்றுமொரு தாயும் அதிகாரிகளுக்கு முறையிட்ட பின்னரே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் ஸ்ரியரும் குழுவினரும் ஆய்வில் இறங்கினர். 1977இல் வெளியான அவர்களது கட்டுரை அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 39 பிள்ளைகளும் 12 வளர்ந்தோரும் ஒரே வகை மூட்டுவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தமையை எடுத்துக்காட்டியது. 1981இல் வில்லி பேர்க்டோர்ஃபர் உண்ணியின் குடலில் சுருளிவடிவப் பற்றீரியாவைக் கண்டார். பின்னர் அப்பற்றீரியா அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஒரு தாயின் கவலைக் குறிப்புகள் ஆய்வின் முதற் சான்றாயின என்பது மனங்கொள்ளத்தக்கது. நோயாளியின் அச்சத்தை 'வெறும் மனப்பிரமை' என்று சொல்ல வாயெடுப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இனி, அச்சத்துக்குரிய உயிரி எத்தகையது? கருங்கால் உண்ணி என வழங்கும் இது ஏறத்தாழ ஈராண்டு வாழ்க்கை வட்டமுடையது. முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் வெளிவரும் குடம்பி ஒருமுறையும், எட்டுக் கால்களுடைய அணங்கு ஒருமுறையும், நிறைவுடலிப் பெண் ஒருமுறையும் குருதி உண்கின்றன. குடம்பி பெரும்பாலும் வெண்பாத எலி போன்ற சிறு விலங்கிலிருந்தே பற்றீரியாவைப் பெறுகின்றது. மான் நிறைவுடலியைப் போசிப்பினும் பற்றீரியாவின் உறைவிடமன்று. மனிதர்க்குப் பெருந்தீங்கு இழைப்பது அணங்கே. அது ஒரு கசகசா விதையின் அளவினது, கடி வலிப்பதில்லை, மே முதல் யூலை வரை, மக்கள் வெளியே உலாவும் காலத்திலேயே அதுவும் மிகுதியாக அலைகின்றது. நோயுற்ற பலர் தம்மை உண்ணி கடித்ததை அறியார். கண்ணுக்குத் தென்பட்ட பகைவனைவிடத் தென்படாதவனே உள்ளத்தை அதிகம் வருத்துவான் அல்லவா?

ஆயினும் இவ்வுண்ணி அவசரமாக நோயைப் புகுத்துவதன்று. பட்டினி கிடக்கும் உண்ணியின் குடலில் அடங்கியிருக்கும் பற்றீரியா, குருதி வந்து சேர்ந்த பின்னரே தன் மேற்பரப்புப் புரதத்தை மாற்றிக்கொண்டு பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை நோக்கி நகர்கின்றது. இதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேற்பட்ட நேரம் செல்லும். நாள்தோறும் உடலைச் சோதிக்கும் வழக்கத்தின் நியாயம் இதிலேயே தங்கியுள்ளது. நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ற்செஸ்ரர் பகுதியில் நடைபெற்று 2001இல் வெளியான ஆய்வு ஒன்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. கடியுண்டு மருந்து பெறாத 247 பேரில் எண்மருக்கே, அதாவது 3.2 வீதத்தினர்க்கே, நோய்க்குரிய படர்தடிப்புத் தோன்றியது. அவ்வெண்மரையும் கடித்தவை ஓரளவேனும் குருதி குடித்துப் பருத்திருந்த அணங்குகள். தட்டையான அணங்குகள் கடித்த எவருக்கும் அது தோன்றவில்லை. உண்ணியை அகற்றி 72 மணித்தியாலத்துக்குள் ஒரு தடவை டொக்சிசைக்கிளின் உட்கொண்ட 235 பேரில் ஒருவரே நோயுற்றார்.

இவ்வெண்களை அறிந்தவுடன் அச்சம் அகன்றுவிடும் என நாம் கருதுவோமாயின் அது நூலறிவின் பேதைமையே. ஒருமுறை நோயுற்றவர்க்கு 3.2 வீதம் என்பது பிறர்க்குரிய கணக்கு. அவர் ஏற்கெனவே அச்சிறு பங்கினுள் அகப்பட்டவர். மேலும், அவரது கவலைக்கு உயிரியல் அடிப்படையும் உண்டு. ஒருமுறை வந்த நோய் நிலைத்த நிர்ப்பீடனத்தை அளிப்பதில்லை. மீண்டும் மீண்டும் படர்தடிப்புற்ற 17 நோயாளரை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, அடுத்தடுத்த ஒவ்வொரு தொற்றும் வெவ்வேறு பற்றீரியா வகையால் ஏற்பட்டமையை நிறுவியது. பழைய நோய் திரும்பவில்லை; புதிய உண்ணியே மறுபடி கடித்துள்ளது. இம்முடிவு ஆறுதலா, அச்சமா என்பது கேட்பவரைப் பொறுத்தது. சிகிச்சை வெற்றியளித்தது என்பது ஆறுதல்; காப்பு எதுவும் எஞ்சவில்லை என்பது அச்சம். இன்னுமோர் இடர், குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குணமடைந்த பின்னரும் பல்லாண்டு நிலைத்திருப்பது. எனவே, 'எனக்கு மீண்டும் வந்துவிட்டதா?' என்ற வினாவுக்கு வழமையான குருதிச் சோதனை தெளிவான விடை தருவதில்லை.

உரிய சிகிச்சை பெற்றோருள்ளும் ஏறத்தாழ 5 முதல் 10 வீதத்தினர்க்குச் சோர்வும் உடல்வலியும் நினைவுத் தடுமாற்றமும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அதன் காரணம் தெளிவாக நிறுவப்படவில்லை. முழங்கால் சற்று நொந்தாலும், மதியத்தில் களைப்புத் தோன்றினாலும், உடல் பழைய நோயின் மொழியிற் பேசுவதாகவே இத்தகையோர்க்குப் படுகின்றது. 2001இல் வெளியான மருத்துவப் பரிசோதனையில் 90 நாள் நுண்ணுயிர்க்கொல்லி வழங்கியும் போலி மருந்தைவிட மேலான பயன் கிட்டவில்லை. இருந்தும், முடிவில்லா மருந்தூட்டலை விற்கும் ஒரு சந்தை இவ்வச்சத்தின் மீது வளர்ந்துள்ளது. அலட்சியம் செய்யும் வைத்தியம் கைவிட்ட இடத்திலேயே இச்சந்தை கடை விரிக்கின்றது என்பது எம் கருத்து.

இவ்வச்சத்தைத் தனிமனித உள்ளத்தின் விவகாரமாக மட்டும் நோக்குவதும் பொருந்தாது. வடகீழ் அமெரிக்காவில் விவசாயம் கைவிடப்பட்ட நிலங்களில் காடு மீண்டது, மான் பெருகியது, அக்காட்டின் விளிம்புகளைத் துண்டாடிப் புறநகர் இல்லங்கள் எழுந்தன. உண்ணியும் எலியும் மனிதரும் சந்திக்கும் எல்லைக்கோடு இவ்வாறு மனிதராலேயே வரையப்பட்டது. தடுப்பூசி ஒன்று 1998இல் அனுமதி பெற்று, விற்பனை போதாமையைக் காரணங்காட்டி 2002இல் உற்பத்தியாளராலேயே மீளப்பெறப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய்க்குத் தடுப்பூசி இருந்தது. நாயை வளர்த்தவருக்கு இருக்கவில்லை. காப்புப் பொறுப்பு முழுவதும் தனியாளின் விரல்நுனியிலும் கண்ணிலும் சுமத்தப்பட்டது. அதுவும் எல்லோர்க்கும் சமமாக அன்று. புல் வெட்டும் கூலியாளர் வேலை நேரத்தில் தம் உடலைச் சோதிக்க இயலாது. பாடநூற் படங்கள் வெண்தோலையே காட்டிவந்தமையால் கருந்தோலிற் படரும் தடிப்பு வைத்தியர் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றது.

அச்சத்தோடு வாழக் கற்றோர் செய்வன மிக எளியவை. பேர்மெத்திரின் ஊட்டிய ஆடையும் சப்பாத்தும் அணிந்து பாதையின் நடுவே நடக்கின்றனர். வீடு திரும்பியதும் உடைகளை உலர்த்தும் பொறியில் மிகுவெப்பத்தில் பத்து நிமிடம் இடுகின்றனர். குளித்து, உடலை ஒருமுறை, ஒரேயொரு முறை, சோதிக்கின்றனர். உண்ணி தென்படின் கூரிய நுனியுடைய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மேலிழுக்கின்றனர். நெருப்பால் சுடுவதோ எண்ணெய் பூசுவதோ இல்லை. பின்னர் நாட்காட்டியில் அத்திகதியைக் குறித்து, முப்பது நாட்கள் கடித்த இடத்தைக் கவனித்து வருகின்றனர்.