நாண் இறக்கிய வில்

பிள்ளைகளுக்காகத் தாய்மார் எவற்றையெல்லாம் துறக்கின்றனர் என்பதை நம் பக்கங்களில் பலமுறை படித்திருக்கிறோம். அது முறையே. ஆனால் தந்தையர் துறந்தவற்றைப் பற்றி எழுதுவார் அரியர். அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் தந்தையார் சொல்லாமல் விட்டதை, அவருடைய மக்களாகிய நாங்கள் இப்போது சொல்ல முற்படுகிறோம்.

கீழப்பழுவூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் அடுப்பங்கரை இறவாணத்தில் ஒரு மூங்கில் வில் செருகிக் கிடந்தது. பழுவேட்டரையர் ஆண்ட மண் இது; ஆயினும் அது போர்வில் அன்று, உண்டைவில். அம்பு எய்யும் வில்லுக்கு நாண் ஒன்று, இதற்கோ இரண்டு. இரு நாண்களையும் நடுவில் ஒரு சிறு பின்னலால் இணைத்து, அதில் சுட்ட மண்ணுண்டையை வைத்து இழுத்துவிட வேண்டும். விடும்போது வில் பிடித்த கையின் மணிக்கட்டைச் சற்றே திருப்பத் தெரியாதவன் தன் கட்டைவிரலையே உடைத்துக்கொள்வான். கூனியின் முதுகில் இளமைக்கால இராமன் அடித்தது இத்தகைய வில்லின் உண்டையால்தான் என்று கம்பர் பாடியிருப்பதைத் தந்தையார் பெருமையோடு சொல்வார். தம் கைத்திறனுக்கு அதை ஒரு சான்றிதழாகவே அவர் கருதினார் போலும்!

அந்நாளில் எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பின் ஏரிகள் நிறைந்துவிட்டால் தந்தையார்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைவெட்டி ஏரிக்குப் போய்விடுவார். புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் மழைநீரும் சேர்ந்து அந்த ஏரி கடல்போலக் கிடக்கும். சிறகியும் உள்ளானும் நாரையும் அங்கே கூட்டங்கூட்டமாய் இறங்கும். நீரற்ற மாதங்களில் முந்திரித் தோப்பு ஓரங்களில் கௌதாரி தேடுவார். அடித்ததை விற்றதில்லை. இரண்டு பறவை கிடைத்தால் ஒன்று அண்டை வீட்டுக்குப் போகும். பல நாள் வெறுங்கையோடு திரும்புவார். அன்றும் முகம் மலர்ந்தே இருக்கும். கறிக்காக மட்டும் அவர் போகவில்லை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

நாங்கள் நால்வரும் ஏழே ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள். வைகறையில் அம்மா படும் பாட்டைச் சொல்லி முடியாது. மாட்டுக்குத் தீனி வைத்து, கிணற்றில் நீர் இறைத்து, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தொட்டிலிலும் வைத்துக்கொண்டு சோறாக்கி, மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த இரண்டு மணி நேரந்தான் தந்தையார் ஏரிக்கரையில் இருக்கும் நேரம். அம்மா ஒரு முறையும் வேண்டாம் என்று தடுத்ததில்லை. அதுவே பெரும் பிழை என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

1965ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு காலை. எங்களில் மூன்றாமவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்புக் கண்டது. அம்மா மற்ற மூவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடி, முதலில் வந்த லாரியை நிறுத்தி அரியலூருக்குப் போனார். பிள்ளை பிழைத்தது. கையில் இரண்டு சிறகிகளோடு திரும்பிய தந்தையார் பூட்டிய கதவின் முன் நின்றதை மூத்தவன் இன்றும் நினைவுகூர்கிறான். பறவைகளைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்த வழியே சைக்கிளைத் திருப்பினார். அவற்றை யார் சமைத்தார்கள் என்பது நினைவில்லை, நாங்கள் உண்ணவில்லை. அன்று மாலை வில்லின் நாண்களை இறக்கிச் சுருட்டி, அதை இறவாணத்தில் செருகினார்.

தொடக்க நூலில் வரும் ஏசாவை நினைத்துப் பார்க்கிறோம். ஈசாக்கு மகனை அழைத்து, வில்லை எடுத்துக்கொண்டு போய் வேட்டையாடி வா என்றே அனுப்புகிறார். ஏசா செய்தது குற்றமன்று. தந்தை சொல் கேட்டு நடந்தான். ஆயினும் அவன் காட்டில் இருந்த நேரத்தில் வீட்டில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவன் கதறியது நமக்குத் தெரியும்.

வில்லைச் செருகிய மறுநாளே தந்தையார் புது மனிதராகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அந்தக் குளிர்காலம் முழுதும் அவர் சிடுசிடுப்பாகவே இருந்தார். அதிகாலையில் வழக்கம்போல் விழித்துக்கொள்வார். மாட்டைக் கவனிப்பார், தண்ணீர் இறைப்பார், சொன்ன வேலையெல்லாம் செய்வார். வாய் மட்டும் திறவார். மாலையில் திண்ணையில் அமர்ந்து களிமண்ணை உருட்டி உண்டை பிடித்துக் காயவைப்பார். யாருக்காக? நாங்கள் அவற்றை எடுத்துக் கோலி விளையாடினோம்.

நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த துறவி யோவான் காசியான் ஒரு பழங்கதையைக் குறித்து வைத்திருக்கிறார். நற்செய்தியாளர் அருளப்பர் ஒரு கௌதாரியைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாராம். வில்லோடு வந்த வேட்டைக்காரன் ஒருவன், இத்துணைப் பெரியவர் இப்படிப் பொழுது போக்கலாமா என்று வியந்தான். உன் வில்லை ஏன் எப்போதும் நாணேற்றி வைத்திருப்பதில்லை என்று அருளப்பர் கேட்டார். ஓயாமல் வளைந்தே இருந்தால் அதன் விசை கெட்டுவிடும் என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்றார் அருளப்பர்.

எங்கள் தந்தையார்க்கு நாண் இறக்கும் இடமே அந்த ஏரிக்கரைதான். கையில் வில் வளைந்தபோது அவர் மனம் தளர்ந்து ஓய்ந்தது. வில்லைச் செருகியபின் மனம் வளைந்தே நின்றது. அவர் விட்டது சரியே. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் விடச் சொல்லும் வீடு, விட்டதற்கு ஈடாக அவருக்கு எதைத் தந்தது? இதை முதலில் உணர்ந்தவர் அம்மாதான். ஞாயிறு பூசை முடிந்ததும், “மூத்தவனைக் கூட்டிக்கிட்டு ஏரி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்களேன்” என்றார். வில்லில்லாமல் போனார்கள். உள்ளானின் குரலையும் சிறகி சிறகடிக்கும் ஓசையையும் பிரித்தறிய மகனுக்கு அங்கேதான் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு இரண்டாமவனும் சைக்கிளின் முன்கம்பியில் ஏறிக்கொண்டான்.

இறக்கிய வில்லை மீண்டும் ஏற்றலாமா? சிலருக்கு அது வாய்க்கிறது. ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரி சிறுமியாய் மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி பழகியவர்; உலகப் புகழ் பெற்ற வில்வீராங்கனை. 2022 டிசம்பரில் மகள் பிறக்க, வில்லைச் சிறிது காலம் இறக்கி வைத்தார். 2024 ஏப்ரலில் ஷாங்காய் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதி வரை சென்றார்.

தந்தையார்க்கு அந்த வாய்ப்பு வரவில்லை. நாங்கள் வளர்ந்து வீடு ஓய்வு கண்டபோது காலம் மாறிவிட்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு உரிமம் வேண்டும் என்றது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களையும் ஒழித்தது. 1999இல் கரைவெட்டி பறவைகள் சரணாலயமாயிற்று. மண்ணுண்டையாலா ஏரி வெறுமையாகிவிடும் என்று அவர் முணுமுணுத்ததுண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் உண்டைவில்லுக்கு வழிவிட்ட சட்டம் துப்பாக்கியை எப்படித் தடுக்கும்? மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே அஞ்சாமல் மேய்வதைக் கண்டபின் அவர் முணுமுணுக்கவில்லை. ஏறத்தாழ 450 எக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

முதுமையில் பேரப்பிள்ளைகள் கேட்டபோது ஒருமுறை வில்லை இறக்கினார். அடுப்புப் புகையேறிய மூங்கிலைச் செல் தொடவில்லை. நாணேற்றி, உண்டையில்லாமல் மெல்ல இழுத்து, மெல்லவே விட்டார். மணிக்கட்டு தானாகத் திரும்பிற்று.

பழைய வீட்டைப் பிரித்தபோது வில் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. மூத்தவன் கேட்டான்; இளையவனும் கேட்டான். எடுத்துச் சென்றவள் மூன்றாமவள். நாண்களைத் தனியே சுற்றி, வில்லைத் தன் சமையலறைப் பரணில் வைத்திருக்கிறாள்.