உள்நாட்டுப் பொருளும் அந்நிய உதிரிப்பாகமும்: அமெரிக்க மோட்டார் சைக்கிள், கைக்கருவித் தொழில்கள் பற்றிய ஒரு நோக்கு

தன் நாட்டுத் தொழிலாளர் செய்த பொருளையே வாங்குதல் வேண்டும் என்னும் கொள்கை பல நாடுகளிற் பல காலங்களில் வழங்கி வந்துள்ளது. கைத்தறித் துணியையோ மட்பாண்டத்தையோ வாங்குவோர்க்கு இதனைப் பின்பற்றுதல் எளிது. மூலப்பொருளும் உழைப்பும் விற்பனையும் பெரும்பாலும் ஓரிடத்தனவாதலின், எது உள்நாட்டுப் பொருள் என்ற ஐயம் அங்கு எழுவதில்லை. ஆயின், எண்ணற்ற பாகங்களாலான ஓர் இயந்திரத்தை வாங்குமிடத்து இவ்வினா சிக்கலடைகின்றது. பெயர் ஒரு நாட்டினது. பொருத்தும் தொழிற்சாலை இன்னொரு நாட்டினது. உள்ளமைந்த பாகங்கள் வேறு பல நாடுகளிலிருந்து வந்தவை. இந்நிலையில், வாங்குவோன் செலுத்தும் பணம் எந்நாட்டுத் தொழிலாளியைச் சென்றடைகின்றது?

இவ்வினா கூர்மையாக எழுந்த இடங்களுள் ஐக்கிய அமெரிக்கா முக்கியமானது. அங்கு மோட்டார் சைக்கிளும், அதனைப் பழுதுபார்க்கும் கைக்கருவிகளும் நாட்டுப்பற்றோடு பிணைத்துப் பேசப்படும் பொருள்கள். இவ்விரு தொழில்களின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு, உள்நாட்டுப் பொருள் என்ற கருத்தின் பொருத்தப்பாட்டினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1983 ஆம் ஆண்டுத் தீர்வை

விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில் 1903 இல் தொடங்கப்பெற்ற ஹாலி டேவிட்சன் நிறுவனம் 1969 இல் ஏ.எம்.எவ். என்னும் பெரும் வணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. உற்பத்தி பெருகியது, தரம் தாழ்ந்தது. எண்ணெய் ஒழுகும் எஞ்சின்கள் அந்நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தன. 1981 இல் அதன் உயர் அலுவலர் 13 பேர் கடன் பெற்று நிறுவனத்தை மீள வாங்கினர். அதே வேளையில், ஹொண்டா, யமஹா ஆகிய யப்பானிய நிறுவனங்கள் தமக்குள் நடத்திய கடும் போட்டியின் விளைவாக, விற்பனையாகாத வண்டிகள் அமெரிக்கச் சந்தையிற் பெருந்தொகையாகத் தேங்கிக் கிடந்தன.

இந்நிலையில் ஹாலி நிறுவனம் 1974 ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரியது. அதன் பயனாக, 1983 ஏப்ரிலில் சனாதிபதி றேகன், 700 கன சென்றிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதித் தீர்வையை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார். இம்மேலதிகத் தீர்வை ஐந்தாண்டுகளிற் படிப்படியாகக் குறைந்து செல்லும் வகையில் அமைக்கப்பட்டது. முதலாண்டில் 45 சதவீதமாயிருந்த அது பின்னர் 35, 20, 15, 10 எனக் குறைதல் வேண்டும். நலிந்த தொழிலுக்கு என்றென்றைக்கும் நிழல் தருவது இதன் கருத்தன்று. தன்னைத் திருத்திக்கொள்ள அதற்குக் காலம் தருவதே கருத்தாகும்.

அக்காலத்தை ஹாலி நிறுவனம் வீணாக்கவில்லை. தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்களைக் குவித்து வைக்கும் பழைய முறை கைவிடப்பட்டது. தேவையான வேளையில் தேவையான அளவே பாகங்கள் வந்து சேரும் முறை புகுத்தப்பட்டது. தரக்கட்டுப்பாட்டிற் புள்ளிவிபர முறை கையாளப்பட்டது. தொழிலாளரின் ஆலோசனைக்கு இடமளிக்கப்பட்டது. இம்முறைகள் யப்பானியத் தொழிற்சாலைகளைப் பார்த்துக் கற்றவை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1984 ஆம் ஆண்டு மாதிரிகளில் இடம்பெற்ற புதிய எவலூஷன் எஞ்சின் எண்ணெய் ஒழுக்கு என்ற பழிச்சொல்லைப் பெரிதும் நீக்கியது. 1987 மார்ச்சில் அந்நிறுவனம், தீர்வை இனித் தனக்கு வேண்டியதில்லை எனத் தானே முன்வந்து அறிவித்தது. அவ்வாண்டிலேயே, உரிய காலத்துக்கு முன்னதாகத் தீர்வை நீக்கப்பட்டது.

இவ்வெற்றி தீர்வையினால் விளைந்ததென்று பலர் கூறுவர். ஆயின், ஹாலி அக்காலத்தில் விற்ற வண்டிகள் 1000, 1340 கன சென்றிமீற்றர் கொள்ளளவின. தீர்வையாற் பெரிதும் தாக்குண்ட யப்பானிய வண்டிகளோ அவற்றினும் சிறியவை. அவற்றை வாங்க நினைத்தவன், விலை உயர்ந்தமையால் ஹாலியை நாடினான் எனக் கொள்ளுதல் கடினம். மேலும், யப்பானியர் தம் 750 கன சென்றிமீற்றர் வண்டிகளின் எஞ்சினைச் சற்றே சிறிதாக்கி 700 என்னும் எல்லைக்குள் அடக்கித் தீர்வையினின்றும் தப்பினர். கிற்றானோ, ஓகாசி என்னும் யப்பானியப் பொருளியலாளர் இருவர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஹாலியின் விற்பனை மீட்சியில் தீர்வைக்குரிய பங்கு சிறியதே என முடிவு செய்தது. எனவே, நிறுவனத்தை மீட்டதிற் பெரும்பங்கு அதன் உள்ளே நிகழ்ந்த சீர்திருத்தத்துக்கு உரியது என்று கொள்ளுதலே பொருந்தும்.

பெயரும் உழைப்பும்

இவ்வரலாற்றினுள் வேறொரு முரண்பாடும் அடங்கியுள்ளது. தீர்வை கோரி நின்ற காலத்திலேயே ஹாலி வண்டிகளின் காபுரேற்றர் யப்பானியக் கெய்ஹின் நிறுவனத்தினதாகவும், முன்சக்கர அதிர்வுதாங்கி யப்பானியச் சோவா நிறுவனத்தினதாகவும் இருந்தன. பிற்காலத்தில், 2008 முதலாகச் சில மாதிரிகளில் இத்தாலியப் பிரெம்போ நிறுவனத்தின் தடுப்புகள் பொருத்தப்பட்டன. 2001 இல் அறிமுகமான வி-ரொட் வண்டியின் எஞ்சின் ஜேர்மனியப் போர்ஷே நிறுவனத்தின் துணையுடன் உருவாக்கப்பட்டது.

மறுபுறத்தில், ஹொண்டா 1979 இல் ஒகையோ மாநிலத்து மேரிஸ்வில் என்னும் ஊரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு கோல்ட் விங் என்னும் பெரிய வண்டி அமெரிக்கத் தொழிலாளராற் செய்யப்பட்டது. 1985 முதல் அதன் எஞ்சினும் அதே மாநிலத்தில் அன்னா என்னும் ஊரில் ஆக்கப்பட்டது. கவசாக்கி அதற்கும் முன்னரே, 1974 இல், நெபிராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் தொழிற்சாலை நிறுவியிருந்தது. ஆகவே 1980 களின் பிற்பகுதியிற் கோல்ட் விங் வண்டியை வாங்கிய அமெரிக்கன், யப்பானியப் பெயருக்கும் ஒகையோத் தொழிலாளியின் கூலிக்கும் ஒருங்கே பணம் செலுத்தினான். அவனை நாட்டுப்பற்றற்றவன் எனப் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்?

எனினும், அந்நிய நிறுவனத்தின் தொழிற்சாலை நிலையானதெனவும் கொள்ளுதற்கில்லை. மேரிஸ்வில்லின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 2009 இல் நிறுத்தப்பட்டது. கோல்ட் விங் யப்பானின் குமமொட்டோவுக்குச் சென்றது. உள்நாட்டுப் பெயரும் இதனின்றும் விலக்காகவில்லை. ஹாலி நிறுவனம் தன் கன்சாஸ் சிற்றித் தொழிற்சாலையை 2019 இல் மூடியது. தாய்லாந்தில் ஒரு தொழிற்சாலையை 2018 இல் திறந்தது. 2018 இல் அமெரிக்கா உருக்குக்கும் அலுமினியத்துக்கும் புதுத் தீர்வை விதித்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் பதிலடியாக அமெரிக்க மோட்டார் சைக்கிள்கள் மீதான தீர்வையை 6 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக உயர்த்தியது. அதனால் வண்டியொன்றுக்கு ஏறத்தாழ 2,200 டொலர் மேலதிகச் செலவாகும் எனக் கணக்கிட்ட ஹாலி, ஐரோப்பாவுக்கான உற்பத்தியை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டு செல்வதாக அறிவித்தது. 1983 இற் பாதுகாப்பைப் பெற்ற அதே நிறுவனம், 2018 இற் பாதுகாப்புக் கொள்கையால் அடிபட்டது. ஓர் இயந்திரத் தொழில் வெளிநாட்டிலிருந்து பாகமும் உலோகமும் பெற்று வெளிநாட்டிலே விற்பனையும் செய்யுமிடத்து, தீர்வை இருபுறமும் வெட்டும் வாளாகின்றது.

கைக்கருவிகள்

கைக்கருவிகளை நோக்குவோம். ஸ்பனர் ஒன்றின் தரம் நான்கு கூறுகளில் தங்கியுள்ளது: குரோமியம், வனேடியம் முதலியன சேர்ந்த கலப்புருக்கின் தன்மை, அதனைக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கும் முறை, கடினத்தையும் உறுதியையும் சமப்படுத்தும் வெப்பப் பதப்படுத்தல், வாயின் அளவுத் துல்லியம். பதம் மிகின் கருவி உடையும். குறையின் வாய் விரிந்து திருகாணியின் தலையை மழுக்கும். இவையாவும் எந்நாட்டிலும் செவ்வனே செய்யத்தக்கவை. எந்நாட்டிலும் பிழைபடச் செய்யத்தக்கவையுமாம். தாய்வானில் உயர்தரக் கருவிகள் செய்யப்படுதலைத் தொழில் அறிந்தோர் அறிவர்.

ஆயினும் அமெரிக்கப் பொறிதிருத்துநர் பலர் உள்நாட்டுக் கருவிகளுக்குக் கூடிய விலை கொடுக்க இசைந்தனர். அவருக்குக் கருவியே முதலீடு. அது வேலைநடுவில் உடைந்தால் அன்றைய வருமானம் குறையும், கையும் காயப்படும். விஸ்கொன்சினில் 1920 இல் தோன்றிய ஸ்னாப்-ஒன் நிறுவனம் வாகனங்களிற் பட்டறை பட்டறையாகச் சென்று, தவணை முறையிற் கருவி விற்று, பழுதானதை அங்கேயே மாற்றிக் கொடுத்து வளர்ந்தது. அங்கு வாங்குவோன் கொடுத்த மேலதிக விலை உருக்குக்கு மட்டும் உரியதன்று; பொறுப்பேற்கும் ஒருவர் அருகில் இருத்தலுக்கும் உரியது.

கிராஃப்ற்ஸ்மன் என்னும் பெயரின் வரலாறு வேறுவகையானது. சியேர்ஸ் என்னும் விற்பனை நிறுவனம் 1927 இல் இப்பெயரைத் தனதாக்கியது. அது தானே கருவி செய்யவில்லை. பிறர் செய்தவற்றைத் தன் பெயரில் விற்றது. கைக்கருவி பழுதுபட்டாற் காலவரையறையின்றி மாற்றித் தரப்படும் என்ற உறுதிமொழி அப்பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது. 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் அக்கருவிகளின் உற்பத்தி பெரும்பாலும் சீனாவுக்கும் தாய்வானுக்கும் பெயர்ந்தது. பெயர் மாத்திரம் இருந்த இடத்தில் இருந்தது. 2017 இல் ஸ்ரான்லி பிளக் அன்ட் டெக்கர் நிறுவனம் அப்பெயரை வாங்கியது. உற்பத்தியைத் தாயகத்துக்கு மீட்பதாகக் கூறி, ரெக்ஸஸ் மாநிலத்து போட் வேத் நகரில் 9 கோடி டொலர்ச் செலவில், ஏறத்தாழ 500 பேருக்கு வேலை தரும் தொழிற்சாலையொன்றை 2019 இல் அறிவித்தது. தன்னியக்கப் பொறிகளால் உற்பத்திச் செலவைக் குறைத்து ஆசியப் பொருளோடு போட்டியிடலாம் என்பது திட்டம். பொறிகள் எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை. 2023 இல் அத்தொழிற்சாலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. உற்பத்தித் திறன் என்பது கட்டிடத்திலும் பொறியிலும் மட்டும் உறைவதன்று. அச்சுச் செய்வோன், பதம் பார்ப்போன், பொறி திருத்துவோன் என வழிவழி வந்த மனிதரிடமும் உறைவது. அத்தொடர்ச்சி ஒருமுறை அறுபடின், பணத்தால் அதனை விரைந்து மீட்டல் அரிது.

முத்திரை கூறுவதும் கூறாததும்

இத்தகைய நிலையில் வாங்குவோன் முத்திரையையே நம்ப வேண்டியவனாகின்றான். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் விதிப்படி, அடைமொழியின்றி அமெரிக்காவிற் செய்யப்பட்டது எனக் குறிக்க வேண்டின், பொருள் முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் அங்கேயே ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். 2021 இல் இது தண்டப்பணத்துக்குரிய முறையான விதியாக்கப்பட்டது. இதனாலேயே, உலகப் பொருட்களைக் கொண்டு அமெரிக்காவிற் செய்யப்பட்டது என்னும் நீண்ட வாசகம் பல கருவிகளிற் காணப்படுகின்றது. புதிய கார்களிற் பாகங்களின் எத்தனை வீதம் உள்நாட்டவை என எழுதி ஒட்டவேண்டும் என 1992 ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. கனடாவின் பாகங்களும் அக்கணக்கிற் சேரும். அச்சட்டம் மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாது. நாட்டுப்பற்றின் பெயரால் மிகுதியாக விற்கப்படும் வண்டியைப் பற்றியே வாங்குவோன் மிகக் குறைவாக அறியக்கூடியவனாயுள்ளான்.

சென்னையின் அனுபவம்

இதற்கு மாறான ஒரு வழியைத் தமிழகத்திற் காணலாம். இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனமும் இணைந்து 1955 இல் என்பீல்ட் இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பொருத்தியே புல்லற் வண்டி ஆக்கப்பட்டது. 1957 இல் அச்சுகளும் உற்பத்திக் கருவிகளும் வாங்கப்பட்டன. 1962 அளவிற் பாகங்கள் அனைத்தும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் சென்னை வண்டி நிலைத்தது. 1977 இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பாகத்தைச் செய்யும் கருவியைக் கைக்கொள்ளுதலே உண்மையான உள்நாட்டாக்கம் என்பதற்கு இது தக்க சான்று. ஆயின், காக்கப்பட்ட சந்தையில் அவ்வண்டி பல்லாண்டுகள் அடிப்படை அமைப்பிற் பெருமாற்றமின்றியே இருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். ஹாலி நிறுவனத்துக்குக் குறுகிய காலக் காப்புச் சீர்திருத்தத்தோடு கூடியதாயிற்று. புல்லற் வண்டிக்கு நீண்ட காலக் காப்பு நிலைபேற்றையும் தேக்கத்தையும் ஒருங்கே தந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, உள்நாட்டுப் பொருள் என்ற ஒரு சொல்லினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளமை புலனாகும். இலாபம் எவர்க்குச் செல்கின்றது? கூலி எவர்க்குச் செல்கின்றது? செய்யும் அறிவு எங்கே தங்குகின்றது? முதலாவதற்குப் பெயர்ப்பலகை ஓரளவு விடை தரும். இரண்டாவதற்குத் தொழிற்சாலை இருக்கும் ஊர் விடை தரும். மூன்றாவதற்கு அச்சும் பட்டறையும் பயிற்சி பெற்ற கைகளுமே விடை தரும். ஒரு நாட்டின் நீண்டகால நன்மைக்கு இம்மூன்றனுள் இறுதியானதே பெரிதும் இன்றியமையாதது.

ஆதலின், பாகத்துள் ஒன்று அந்நியமானதென்று ஒரு வண்டியை ஒதுக்குதலும், பெயர் நம்முடையதென்று ஒரு கருவியைக் கண்மூடி ஏற்றலும் ஒரே வகைப் பிழையாகும். உள்நாட்டுப் பொருளை வாங்குவோன் தரக்குறைவான பொருளுக்குக் கொடுக்கும் மேலதிக விலை ஒரு கடனைப் போன்றது. உற்பத்தியாளன் அதனைக் கொண்டு தொழிலைத் திருத்தி, குறித்த காலத்தில் அக்கடனைத் தரமாகத் திருப்பித் தருதல் வேண்டும். அவ்வாறு தருகின்றானா எனக் கேட்கும் உரிமை வாங்குவோனுக்கு உண்டு. அதனைக் கேளாத நாட்டுப்பற்று தொழிலாளியையும் காவாது, தொழிலையும் காவாது.