வில்லும் மனச்சாட்சியும்

வயலினை அறியாத தமிழர் இலர். அதன் இனத்தைச் சேர்ந்ததே செல்லோ. உருவிற் பெரிதாகிய அவ்வாத்தியத்தைத் தோளிலே தாங்காது, அமர்ந்தபடி முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பர். ஆழ்ந்த நாதமுடையதாயினும், தனி வாத்தியமாக வயலினுக்கு ஒத்த மதிப்பினை அது நெடுங்காலம் பெறவில்லை. அம்மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் தலையாயவர் பப்லோ கசல்ஸ்.

இவர் 1876ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாவில் எல் வெண்ட்ரெல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். மைந்தருக்கு முதலாசிரியரும் அவரே. பதின்மூன்று வயதில், பார்ஸலோனா நகரத்துப் பழைய கடையொன்றிலே, ஜேர்மன் இசைமேதை பாக் செல்லோவுக்கென்றே இயற்றிய ஆறு தொகுதிகள் இவர் கண்ணிற்பட்டன. அக்காலத்தில் அவற்றைப் பயிற்சிப் பாடங்களாகவே பலர் கருதினர். கசல்ஸோ பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பயின்ற பின்னரே அவற்றை அவையிலே வாசிக்கத் துணிந்தார்.

வாசிக்கும் முறையையும் இவர் திருத்தினார். வில் பிடிக்கும் கை உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டுமென்று, மாணவரின் கக்கத்திற் புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் செய்து பழக்கிய காலம் அது. கசல்ஸ் அக்கட்டைத் தளர்த்திக் கைக்கு விடுதலை அளித்தார். இடக்கை விரல்களை விரித்து வைக்கும் முறையையும் வளர்த்தார். இன்று மாணவர் இயல்பாகக் கற்கும் பல, அன்று புதுமைகளாயிருந்தன.

1899இல் விக்டோரியா மகாராணியார் முன்னிலையில் வாசித்த இக்கலைஞர், புகழோடு அமைந்துவிடவில்லை. பரிஸ் மாநகரில் 1919இல் தோன்றிய இசைக் கல்லூரியிற் கற்பித்தார். 1920இல் பார்ஸலோனாவில் வாத்தியக் குழுவொன்றை நிறுவி, அதன் நட்டத்தைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்தார். குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளரும் உயர்ந்த இசையைக் கேட்டல் வேண்டுமென்று, 1926இல் அவர்களுக்கெனச் சங்கம் அமைய வழிசெய்து, ஞாயிறு காலைகளிற் கச்சேரிகள் நடத்தினார்.

1936ஆம் ஆண்டு யூலை மாதம், மானிட சகோதரத்துவத்தைப் பாடும் பேதோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அக்குழு ஒத்திகை பார்க்கையில், இராணுவக் கிளர்ச்சிச் செய்தி எட்டியது. இறுதிப் பகுதியை முற்றாக வாசித்து முடித்த பின்னரே அனைவரும் பிரிந்தனர். உள்நாட்டுப் போரிற் பிராங்கோ வென்றதும், கசல்ஸ் பிரான்சிலுள்ள பிராட் என்னும் ஊரிற் புகலடைந்து, அகதிகளுக்கு உதவி வேண்டி இடையறாது கடிதங்கள் எழுதினார்.

உலகப்போர் முடிந்த பின்னரும் வல்லரசுகள் பிராங்கோவின் ஆட்சியைச் சகித்துக்கொண்டமை கண்டு, அதனை ஏற்கும் நாடுகளில் வாசிப்பதில்லை என உறுதிபூண்டார். வாசிப்பையே வாழ்வாகக் கொண்டவருக்கு மௌனம் எளிதன்று. ஆயினும், மறுத்தற்குரிய வேறு படைக்கலம் அவரிடம் இல்லை. 1950இல், பாக் மறைந்த இருநூறாம் ஆண்டு நிறைவின்போது, உலகத்துக் கலைஞர் பலர் பிராட் நகருக்கே வந்து அவரோடு சேர்ந்து வாசித்தனர்.

பின்னர் தாயாரின் பிறந்தகமாகிய புவெர்ட்டோ ரிக்கோவிற் குடியேறி, எண்பது வயதைக் கடந்த நிலையிலும் இசைவிழா, வாத்தியக் குழு, இசைக் கல்லூரி ஆகியன தோன்ற உழைத்தார். 1961இல் ஜனாதிபதி கென்னடியின் மாளிகையிலும், 1971இல் ஐக்கிய நாடுகள் சபையிலும் வாசித்தார். கட்டலோனிய நாட்டுப் பாடலொன்றையும் தவறாது இசைத்தார்.

1973 ஒக்டோபரில், தொண்ணூற்றாறாம் வயதில் கசல்ஸ் காலமானார். பிராங்கோ மறைந்தது 1975இல். சுதந்திரம் திரும்பிய தாயகத்தை அவர் காணவில்லை. 1979இல் அவரது பூதவுடலே எல் வெண்ட்ரெல் மண்ணுக்குத் திரும்பியது. அவர் மாணவர்க்கு விட்டுச் சென்றவை இரண்டு: தளர்ந்த கையும் தளராத உள்ளமும்.