மடங்கும் ஏர்க்கால்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று அச்சடித்திருக்கும். 14 அடி அலுமினியப் படகு அங்கே ஆடம்பரப் பொருள் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் பனி அதன்மேல் குவியும். வாசலில் படகு நிறுத்தக் கூடாது என்று தடுக்கும் குடியிருப்புகளும் உண்டு. ஆகவே கராஜுக்குள் ஏற்றியாக வேண்டும். பழைய வீட்டுக் கராஜின் உள்நீளம் 18 அடிதான் என்றால் அங்கே தொடங்குகிறது சிக்கல்.

முதலில் டேப்பை எடுங்கள். அளக்க வேண்டியது படகை மட்டும் அல்ல, ட்ரெய்லரோடு சேர்த்து நுனி முதல் நுனி வரை. படகு 14 அடி. முன்னால் நீளும் இரும்புக் கம்பம் 3.5 அடி, பின்னால் தூக்கி நிறுத்திய மோட்டார் 2 அடி. மொத்தம் 19.5. அந்த முன்கம்பத்தை அமெரிக்கர்கள் ‘நாக்கு’ என்கிறார்கள். மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு அது ஏர்க்கால். ஆக, இடிப்பது படகு அல்ல, அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை.

இதை மறந்து படகின் உடலையே குறைக்க நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்த மெல்லிய தகட்டை நீர் கசியாமல் பற்றவைப்பது தேர்ந்த கையின் வேலை. தவிர, எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகில் அடித்திருக்கும் தகடு, வெட்டிய படகுக்குப் பொருந்தாது. ட்ரெய்லரில் படகைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதும் தப்புக் கணக்கு. பின்பலகை தாங்குகட்டையைத் தாண்டித் தொங்கினால் அடித்தகடு நாளடைவில் வளையும். முன்பாரம் குறைந்து சாலையில் ட்ரெய்லர் ஆடும்.

சுலபமான வேலை மோட்டார். தரையில் இடிக்காது என்றால் அதை இறக்கி, ஒரு பக்கமாக முழுதும் திருப்பி வையுங்கள். அரை அடி போலக் குறையும். நிமிர்ந்து நிற்கும் மோட்டாரில் தண்ணீரும் தங்காமல் வடிந்துவிடும். உறைந்து வெடிக்கும் பயம் இல்லை.

மிச்சம் ஏர்க்கால். அதை மடக்க, போல்ட் போட்டு மாட்டும் கீல் கடையில் கிடைக்கிறது. கம்பத்தின் அகலம், உயரம் இரண்டையும் அளந்து, ட்ரெய்லரின் மொத்த எடையைத் தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். படகை இழுத்து ஏற்றும் வின்ச் நிற்கும் தூணுக்கு ஓர் அடி முன்னால் கோடு போடுங்கள். மடங்கும் துண்டு எதிலும் இடிக்காமல் சுற்றி வருமா என்று அதே நீளத்துக்கு ஒரு குச்சியை வைத்துச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள். முன்சக்கர ஜாக் கோட்டுக்கு முன்னால் இருந்தால் பின்னால் மாற்றுங்கள். மாற்றாமல் மடக்கினால் ட்ரெய்லர் மூக்குக் குப்புற விழும்.

வெட்டுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். பிறகு, பலரும் தவறவிடும் ஒன்று: விளக்குகளுக்கான வயர் பெரும்பாலும் கம்பத்தின் உள்ளேதான் ஓடும். முதலில் அதை உருவி வெளியே எடுங்கள். இல்லையேல் கிரைண்டர் கம்பத்தோடு வயரையும் சேர்த்து அறுத்துவிடும்.

கோட்டைச் சுற்றி நான்கு பக்கமும் மூலைமட்டம் வைத்து, நேராக அறுங்கள். இதற்குப் பிறகு திரும்ப வழியில்லை; ஆகவே இன்னொரு முறை அளப்பதில் வெட்கம் வேண்டாம். அறுத்த வாயை அரத்தால் தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் அடியுங்கள். கீலின் இரு பாதிகளையும் மாட்டி, கம்பம் நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்த பின்பே துளை போடுங்கள். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். பலம் காட்டினால் குழாய் நசுங்கும்.

வயரைத் திரும்ப இழுக்கும்போது கீல் அருகே கொஞ்சம் தொய்வு விடுங்கள். வெள்ளை நிற எர்த் வயரைக் கீலுக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் இணையுங்கள். கீல் வழியாக மின்சாரம் ஓடும் என்று நம்பினால், கிரீஸும் துருவும் சேர்ந்து விளக்கை அணைக்கும். காரோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளையும் பின்சட்டத்திலேயே பூட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கீலே விட்டுப்போனால், முன்துண்டில் பூட்டிய சங்கிலி அந்தத் துண்டை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி காரிலிருந்து கழற்றி, ஜாக்கில் நிறுத்தி, ஒரு பின்னை உருவி ஏர்க்காலை மடக்கினால் சுமார் 2 அடி மிச்சம். மொத்த நீளம் 17. கம்பத்தை வெட்டாமல் மூலைவிட்டமாக நிறுத்தினாலும் நீளம் அடங்கும்தான். ஆனால் கார் வெளியே பனியில் நிற்கும்.

உள்ளே தள்ளும் முன் பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள். சில வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் கராஜிலேயே, சுடரோடு இருக்கும். அடுத்த முறை ஏரிக்குக் கிளம்பும்போது பின்னும் அதன் கிளிப்பும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் பயணத்தில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, ஸ்பேனரால் எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள்.